சுகிர்தம் அக்காவின் பதினோரு நிமிடம்

சுகிர்தம் அக்கா படுத்திருந்த அறையில் மத்தியானம் மூன்று மணிக்கே விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருந்தது. ஜூலை மாதம். நான்கு நாளாகச் சாரல் விட்டபாடில்லை. இலத்தூரில் அந்தத் தெரு வீடுகள் ஒன்றின் முதுகை ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. அறைக்கு இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும், அதுவும் ஈரத்தில் கறுத்துப்போன சுவர். மேலே ஒரு டியூப்லைட் இருந்தது. கண்ணுக்கு அது ஒழுங்காக எரிவதாகத்தான் படும், கேமராவில் பார்த்தால் வரிவரியாக ஓடும். அதை அணைக்கச் சொல்லிவிட்டு என் பையிலிருந்து லைட்டை எடுத்தேன். அந்த இருட்டில் கட்டிலும் அதன்மேல் ஒரு வெள்ளைப் போர்வையும்தான் தெரிந்தன. போர்வைக்குள் ஆள் இருப்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

என் லைட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கியது. பேட்டரியில் எரியும். பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினால் வெளிச்சம் கூடும், குறையும். இன்னொன்றைத் திருப்பினால் வெள்ளை மஞ்சளாகும். தென்காசியில் பெரிய ஸ்டுடியோக்காரர்கள் குடை, ஸ்டாண்டு, நான்கு ஆள் என்று வேனில் வந்து இறங்குவார்கள். நான் பைக்கில் போகிறவன். இதே மாதிரி மூன்று லைட்டை வைத்துக்கொண்டு எட்டு வருஷமாகச் சடங்கு வீடு, ஞானஸ்நானம், பால்காய்ப்பு எல்லாம் எடுத்துவருகிறேன். சின்ன லைட் முகத்தில் சுள்ளென்று அடிக்கும், மூக்கின் நிழல் கன்னத்தில் கோடு போட்டுவிடும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். பேக்கரியில் கேக்குக்கு அடியில் வைக்கிற பட்டர் பேப்பரை இரண்டாக மடித்து முன்னால் வைத்து, ரப்பர்பேண்டு போட்டுவிடுவேன். வெளிச்சம் பால்போல இறங்கும். சுவரில்கூட நிழல் விழாது. "நயினார் எடுத்தா நெழலு விழாதுல்லா" என்று மேலகரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் எனக்கு நிறையவே கர்வம். ஆறுமுகநயினார் என்கிற முழுப்பெயரை விசிட்டிங் கார்டில் போட்டு, அதற்குக் கீழே ஒரு லைட் படமும் போட்டு வைத்திருந்தவன் நான்.

முந்தின நாள் அக்காவின் மகள் எப்சிபா போன் செய்திருந்தாள். செங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண். அவள் தோழியின் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன், அந்தப் பழக்கம்.

"அண்ணாச்சி, அம்மாவுக்கு ரொம்ப முடியல. வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அண்ணன் சார்ஜாவுல இருக்கான். லீவு கெடைக்க இன்னும் மூணு வாரம் ஆவும்னு சொல்லுதான். வீடியோ கால் போட்டா இந்த மழைக்கு எல்லாம் கட்டம் கட்டமா நின்னுருது. ரூமும் ஒரே இருட்டு. நீங்க நல்ல லைட்டு வச்சு, அம்மா அவன்கிட்ட பேசுதத தெளிவா எடுத்துத் தரணும். தெளிவா இருக்கணும் அண்ணாச்சி."

தெளிவாக என்பதை இரண்டு முறை சொன்னாள். நானும் சரி என்று இரண்டு முறை சொன்னேன். அவள் சொல்லாமல் விட்டது ஒன்று. அவள் அண்ணன் ஜோயலுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இலத்தூரில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்ததை யாரும் தனியாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. எனக்கும் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் மேலகரத்துக்காரன், எனக்குத் தெரியாது. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. கேமரா பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் யாருக்காக எடுக்கிறோம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

அறையில் லைட்டைப் போட்டதும் அக்கா கண்ணைத் திறந்தாள். அறுபது வயதுதான், நோய் அதை எண்பதாக்கியிருந்தது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் முப்பது வருஷம் காய் தரம் பிரித்தவள் என்று எப்சிபா சொன்னாள். கத்தரிக்காயைக் கண்ணால்கூடப் பார்க்காமல், தொட்டே சொத்தையைச் சொல்லிவிடுவாளாம். தலையணை மூன்றை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தோம். எப்சிபா தலைவாரி, நெற்றியில் எண்ணெய் வடிந்ததைத் துடைத்துவிட்டாள். பிறகு அக்கா மகளைப் பார்த்துக் கதவுப் பக்கம் தலையை அசைத்தாள். மகனிடம் பேசப்போவது மகளுக்குத் தெரிய வேண்டாம் போல. எப்சிபா சின்னதாகச் சிரித்துவிட்டு, "அவனுக்கும் அம்மாவுக்கும் அப்பிடித்தான் அண்ணாச்சி, எல்லாம் ரகசியம்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நான் பையிலிருந்து காலர் மைக்கை எடுத்து அக்காவின் சேலைத் தலைப்பில் குத்தினேன். ஓட்டுக்கூரையில் மழைச் சத்தம் அதிகம். பேச்சு அதில் அமுங்கிவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலையாக இருந்தது.

"இது என்னத்துக்கு தம்பி?"

"நீங்க பேசுதது நல்லா விழணும்லாக்கா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ நான் வேடிக்கை செய்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கி, அது அடங்க ஒரு நிமிடம் ஆனது. தொழில்காரனுக்கு ஆயிரம் சாமான் இருக்கும் என்று விட்டிருப்பாள்.

ஸ்டாண்டில் கேமராவை வைத்து முதலில் முழுக்கட்டிலும் தெரிகிற மாதிரிதான் பார்த்தேன். பார்க்கவே சகிக்கவில்லை. இடது கையில் சலைன் ஊசி, அதைச் சுற்றிப் பிளாஸ்திரி, பிளாஸ்திரியில் காய்ந்த ரத்தம், கை வீங்கியிருந்தது. ஓரத்தில் மருந்து டப்பாக்கள், துப்புகிற கிண்ணம். எங்கோ வெளிநாட்டில் கட்டிலில் உட்கார்ந்து இதைப் பார்க்கப்போகிற மகனை நினைத்தேன். அவன் மனதில் அம்மா முகம்தான் நிற்க வேண்டும், இந்தக் கை நிற்கக் கூடாது. கேமராவை நெருக்கிக் கொண்டுபோய் கழுத்திலிருந்து மேலே மட்டும் வைத்தேன். பின்னால் சுவர் மங்கிப்போனது. பட்டர் பேப்பர் வெளிச்சத்தில் அக்கா முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் மென்மையாகி, கண்ணில் ஒரு புள்ளி ஒளி வந்து உட்கார்ந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியமாக அது இரக்கத்தில் செய்தது. கொஞ்சம் தொழில் கர்வமும் சேர்ந்திருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

"பேசுங்கக்கா."

அக்கா ஊசி இல்லாத வலது கையை மெல்லத் தூக்கி, இடது புருவத்தின் முனையை ஒரு விரலால் தொட்டாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று நினைத்தேன்.

"லைட்டு கூசுதாக்கா?"

திருகைத் திருப்பிக் குறைத்தேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, கேமராவைப் பார்த்து மறுபடியும் புருவத்தைத் தொட்டாள். இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அதன்பிறகு அவள் என்னைப் பார்க்கவேயில்லை. பேச ஆரம்பித்துவிட்டாள். உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. பாவம், தெம்பு இல்லை என்று மைக்கின் சத்தத்தைக் கூட்டினேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். மழையும் மூச்சும் கேட்டன. நடுவில் ஒருமுறை "சாப்புடு" மாதிரி ஒன்று கேட்டது. அவள் தோள் அசைந்துகொண்டே இருந்தது. கீழே போர்வையின்மேல் கைகள் ஏதோ செய்துகொண்டிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. நோயாளிகள் போர்வையைப் பிசைவார்கள், என் அப்பாவும் கடைசியில் பிசைந்தார். நான் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அக்காவின் முகம் அழுதது, சிரித்தது, யாரையோ கோபித்துக்கொண்டது, மறுபடி சிரித்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு முகத்தை நான் எடுத்ததில்லை.

பதினோரு நிமிடம். பிறகு தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "எல்லாத்தையும் சொல்லிட்டேன் தம்பி" என்றாள்.

தெளிவான குரலில் சொன்னாள். பதினோரு நிமிடமாக வராத குரல் இந்த ஒரு வாக்கியத்துக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதே யோசித்திருக்கலாம். நான் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எடிட் செய்தேன். புருவத்தைத் தொட்ட இடத்தில் என் குரலும் சேர்ந்து விழுந்திருந்ததால் அதை வெட்டினேன். மழை இரைச்சலைக் குறைத்தேன். கிறிஸ்தவ வீட்டுக்குப் பொருத்தமாக ஒரு புல்லாங்குழல் இசையை அடியில் மெல்லிசாக ஓடவிட்டேன். அம்மா மகனிடம் பேசுகிறாள், குரல் வராத இடத்தை அது நிரப்பும் என்று பட்டது. முடித்துப் பார்த்தபோது என் மனைவி பொன்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. எப்சிபாவுக்கு அனுப்பினேன், அம்மாவும் மகனும் பேசுகிற ரகசியம் என்று அவள் திறந்துபார்க்காமலே அண்ணனுக்கு அனுப்பினாள்.

மறுநாள் நாலு மணி இருக்கும், மேலகரத்தில் என் சின்ன ஸ்டுடியோ வாசலில் எப்சிபாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உள்ளே வந்தாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் ஜோயல் இருந்தான். இரண்டு அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்தான். தன் இடது கையை வலது கையால் தட்டித் தட்டிக் காட்டினான். பிறகு இரண்டு கையையும் விரித்து, தோளைத் தூக்கி, கண்ணை அகலத் திறந்து கேமராவையே பார்த்தான். சத்தமே இல்லை. கையைப் பற்றி ஏதோ கேட்கிறான் என்பது மட்டும் எனக்கே புரிந்தது.

"கை எங்க அண்ணாச்சி?"

"எந்தக் கை?"

"அம்மா கை. அவனுக்குக் காது கேக்காதுல்லா. அவனும் அம்மாவும் கையாலதான பேசுவாவ." அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நீங்க என்னத்துக்கு மூஞ்சிய மட்டும் எடுத்திய?"

நான் கம்ப்யூட்டரைத் திறந்து எடுத்தது முழுவதையும் ஓட்டிக் காட்டினேன். எங்கும் கை இல்லை. ஆரம்பத்தில் ஒரு விரல் வருகிறது, அத்தோடு சரி. எப்சிபா ஸ்டூலில் உட்கார்ந்து ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டே சொன்னாள். ஜோயலைப் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளிக்கு அனுப்பியது எட்டு வயதுக்கு மேல்தான். அதுவரை அம்மா அவனை மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாளாம். காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருமாக ஒரு பாஷையைச் செய்துகொண்டார்கள். பள்ளியில் சொல்லிக்கொடுத்தது வேறு பாஷை. அது எப்சிபாவுக்குக் கொஞ்சம் தெரியும், புத்தகம் பார்த்துப் படித்தாள். இது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான்.

"எனக்கு அதுல பாதிகூட தெரியாது அண்ணாச்சி. சின்னப்பிள்ளையில பொறாமையா இருக்கும். இப்ப கேட்டு எழுதிக்கிடலாம்னா, அம்மா காலைலேருந்து கண்ணு முழிக்கல."

அப்போதே பைக்கை எடுத்துக்கொண்டு இலத்தூருக்குப் போனேன். இந்த முறை கேமராவைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து, போர்வையின்மேல் கிடந்த இரண்டு கைகள் மட்டும் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். ஒரு லைட்டை மேலிருந்தும் ஒன்றைப் பக்கத்திலிருந்தும் போட்டேன். வீங்கிய கை, பிளாஸ்திரி, காய்ந்த ரத்தம், விரல் இடுக்கில் முப்பது வருஷக் காய்க்கறை எல்லாம் தெரிந்தது. அக்கா கண் விழித்தால், கையைத் தூக்கினால், ஒன்றும் தவறிவிடக் கூடாது. பேட்டரி இரண்டு மணி நேரம் வரும். ஒன்று எரியும்போது இன்னொன்று சார்ஜில் கிடக்கும். அந்த நாளும் அடுத்த நாளும் அப்படியே போயின. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். பொன்செல்வி ஒரு கல்யாண ஆர்டரை வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டாள். வந்தவர்கள் ஜெபம் செய்தார்கள், பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்தார்கள். போதகர் வந்து, ஆள் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் நான் கும்பிட்டேன். எந்தச் சாமியிடமும் அக்கா பிழைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கை அசைய வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

ஒருமுறை அசைந்தது. இரண்டாம் நாள் மத்தியானம், வலது ஆள்காட்டி விரல் போர்வையை இரண்டு தரம் சுரண்டியது. எப்சிபாவும் நானும் ஒரே நேரத்தில் குனிந்தோம். ஊசி மாற்ற வந்திருந்த நர்ஸ் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தன்னால துடிக்குது, நரம்பு" என்றார். எப்சிபா அந்த நான்கு நொடியைக்கூட வெட்டித் தரச்சொல்லி அண்ணனுக்கு அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் நீலக் கோடு காட்டியது.

மூன்றாம் நாள் விடிந்ததும் அக்கா போய்விட்டாள். அடக்கத்துக்கு ஜோயலால் வர முடியவில்லை. அன்றும் மழை. வீட்டுக்குள் பெட்டியின் அருகில் எப்சிபா போனைப் பிடித்துக்கொள்ள, நான் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மார்பின்மேல் கூப்பிக் கட்டியிருந்த அம்மாவின் கைகளைத்தான் ஜோயல் காட்டச் சொல்லிக்கொண்டே இருந்தான். படம் கட்டம் கட்டமாக நின்று நின்று போனது. அவன் பக்கம் என்ன தெரிந்ததோ.

சொன்னபடி மூன்று வாரத்தில் ஜோயலுக்கு லீவு கிடைத்தது. அவன் வந்த அன்று எப்சிபா எனக்குப் போன் செய்தாள். பக்கத்தில் யாராவது கேட்டுவிடுவார்கள் என்பதுபோல மெல்லப் பேசினாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு அவன ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டு வாரேன். எடுத்தது முழுசையும் பாக்கணுங்கான். கண்டிப்பா ஒங்ககிட்டயும் கேப்பான், அம்மா என்ன செஞ்சாவன்னு. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"சரியா இல்லம்மா."

"அப்பம் ஒண்ணு செய்யுங்க. கன்னத்தத் தொடச்சு, அப்பிடியே கைய இல்லன்னு ஆட்டிருங்க. அழாதன்னு அர்த்தம். அது போதும் அவனுக்கு. மூணு வாரமா சரியா சாப்பிடலியாம். அவன்கூட இருக்குத பையன் மெசேஜ் போட்டிருந்தான்."

நான் சரி என்றேன். அன்று பூராவும் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தைத் துடைத்துக் கையை ஆட்டிப் பார்த்தேன். செய்தது போதாதென்று இது வேறா என்று இருந்தது. ஆனால் ஒரு மனுஷன் சாப்பிடாமல் கிடக்கிறான், இரண்டு நொடி கையை ஆட்டுவதில் என்ன குறைந்துபோகும் என்றும் இருந்தது.

காலையில் பத்து மணிக்கு வந்தார்கள். ஜோயல் என்னைவிட உயரம். முப்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். திட்டுவான் என்று பயந்திருந்தவனுக்கு அது அடி விழுந்த மாதிரி இருந்தது. அவன் இடது புருவத்தின் முனையில் ஒரு வெட்டுத் தழும்பு, அந்த இடத்தில் முடியில்லை. ஐந்தருவிப் பாறையில் சறுக்கி விழுந்து ஐந்து வயதில் தையல் போட்டதாம். பின்னால்தான் இதை எப்சிபா சொன்னாள்.

கம்ப்யூட்டரில் வெட்டாத படத்தை ஓடவிட்டேன். முதல் நிமிடத்திலேயே அக்காவின் விரல் பிரேமுக்குள் வந்து புருவத்தைத் தொட்டது. ஜோயல் என் கையைத் தட்டி நிறுத்தச் சொன்னான். மறுபடி ஓட்டச் சொன்னான். மறுபடி. விரல் வருகிறது, புருவத்தைத் தொடுகிறது, வெளிச்சம் குறைகிறது. மறுபடி விரல் வருகிறது, தொடுகிறது, வெளிச்சம் இன்னும் குறைகிறது.

"அம்மா அவனக் கூப்பிடுதாவ" என்றாள் எப்சிபா. "அவன் பேரு அதுதான்."

பெற்றவள் பெயர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் நான் லைட்டைக் குறைத்திருக்கிறேன். எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. பதினோரு நிமிடத்தையும் அவன் பார்த்து முடிக்கும்வரை நாற்காலியின் பின்னாலேயே நின்றேன். அம்மாவின் முகம் சிரித்த இடங்களில் அவன் தோள் அசைந்தது. பிறகு அவன் அம்மாவை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த சுவரைப் பார்க்க ஆரம்பித்தான். படத்தைப் பெரிதாக்கினான், வெளிச்சத்தைக் கூட்டினான், திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனான். முதலில் எனக்குப் புரியவில்லை. கையின் நிழல் சுவரில் எங்காவது விழுந்திருக்கிறதா என்று தேடினான். சாதாரண லைட்டாக இருந்தால் விழுந்திருக்கும். பட்டர் பேப்பரை மடித்துக் கட்டாமல் இருந்திருந்தால், கட்டிலுக்குப் பின்னாலிருந்த அந்தச் சுவரில் அந்த இரண்டு கையும் பெரிது பெரிதாக விழுந்து, அக்கா சொன்னது மொத்தமும் படத்தில் இருந்திருக்கும். சுவர் வழவழவென்று சுத்தமாக இருந்தது.

ஜோயல் போனை எடுத்து எழுதினான். தமிழில் சின்னச் சின்ன எழுத்துப்பிழையோடு எழுதியதை என்னிடம் நீட்டினான். "நீங்க அங்க இருந்தீங்க. நீங்க மட்டும்தான் பார்த்தீங்க. ஞாபகம் இருக்கிறதை காட்டுங்க."

நான் தலையாட்டினேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆட்கள் உட்கார்கிற ஸ்டூலைக் காட்டி என்னை உட்காரச் சொன்னான். மேஜையில் கிடந்த லைட்டை எடுத்து, ரப்பர்பேண்டை உருவி, பட்டர் பேப்பரைப் பிரித்து ஓரமாக வைத்தான். ஸ்டாண்டில் மாட்டி, திருகைக் கடைசிவரை திருப்பினான். எட்டு வருஷமாக ஊரார் முகத்தில் அடித்த வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. கண் கூசியது. எதிரில் அவன் இருப்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. பக்கத்தில் எப்சிபாவின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

கன்னத்தைத் துடைத்தேன். இல்லை என்று கையை ஆட்டினேன். நேற்று பூராவும் பழகியது, தப்பில்லாமல் வந்தது. வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அசைவும் இல்லை. அவன் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. அடுத்தது வரட்டும் என்று காத்திருந்தான். எப்சிபா பெருமூச்சு விட்டாள்.

அதற்குமேல் எனக்குப் பழகி வைத்தது ஏதும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். மழை, ஹெட்போன், திரையில் அக்காவின் முகம். அந்த முகத்துக்குக் கீழே ஓரக்கண்ணில் என்ன இருந்தது? முகம் கோபித்துக்கொண்ட இடத்துக்குப் பிறகு, மறுபடி சிரிக்கும் முன்னால், வலது கை போர்வையின்மேல் இரண்டு தரம் தட்டியது. அது நிச்சயம். பிறகு விரல்கள் மடங்கின. எத்தனை விரல் என்று தெரியவில்லை. பிறகு கை தன் பக்கமாக நகர்ந்தது. வயிற்றுக்கா, மார்புக்கா, தெரியவில்லை. இவ்வளவுதான் எனக்கு. பதினோரு நிமிடத்தில் இரண்டு நொடி. கையை நீட்டி, காற்றில் இரண்டு தரம் தட்டி, விரலை மடக்கி, என் பக்கம் இழுத்தேன்.

நாற்காலி நகர்ந்தது. ஜோயல் எழுந்து வெளிச்சத்துக்குள் வந்தான். ஒரு விரலைக் காட்டினான், இன்னொரு தடவை. செய்தேன். இன்னொரு தடவை. செய்தேன். அவன் என் முன்னால் தரையில் மண்டியிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினான், படுத்திருப்பவளின் கை இருக்கும் உயரத்துக்கு. உள்ளங்கையைத் திருப்பி மேலே பார்க்க வைத்தான். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விட்டுவிட்டு மற்றதை மடக்கினான். சரியில்லை என்று தலையை அசைத்து, நடுவிரலையும் மடக்கினான். பிறகு மெல்லத் தன் பக்கமாக இழுத்துப் பார்த்தான், இல்லை என்று மறுபடி என் பக்கமாகத் தள்ளி, என் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினான்.

அங்கே நின்றுவிட்டான், தேடிய சொல் கிடைத்துவிட்டவன்போல.

"என்ன சொன்னாவ?" என்று எப்சிபா வாயாலேயே கேட்டாள். பிறகு நினைவு வந்தவளாகக் கையாலும் கேட்டாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. லைட்டின் பேட்டரி சிவப்புப் புள்ளி காட்டத் தொடங்கியிருந்தது. அவன் என் முகத்தையும் பார்க்கவில்லை. என் மடங்கிய நான்கு விரலையும் தன் விரலால் மூடிப் பிடித்தபடி, நான் அசைத்துவிடாமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான்.